காவலுக்கு வைத்த இரும்பு

எழுபதை எட்டிப் பிடித்தவர்களும் தாண்டியவர்களும் மட்டும் இதைப் படித்தால் போதும். சின்னவர்கள் படித்தால், "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. நீங்கள் கேட்கமாட்டீர்கள். நீங்களும் செய்தவர்கள்தானே.

விடிந்தால் போதும், பழைய சிங்கப்பூரின் தேக்காவில் மாடு கட்டியிருந்த படம், சிராங்கூன் சாலையில் திரிஷா வண்டியை மிதித்துப் போன படம் என்று கைத்தொலைபேசியில் வந்து விழுகிறது. கீழே "நம் காலம் போல வருமா?" என்று ஒரு வரி. வரவே வேண்டாம் தாயே என்று நான் பதில் போட்டால் உங்களுக்குக் கோபம் வருகிறது. சரி, என் பங்குக்கு நானும் ஒரு படம் காட்டுகிறேன். அறுபதுகளின் கடைசி. பள்ளி முடியப்போகிற மழைமாதம். என் அக்காவுக்கு நடந்தது. அக்கா போய்ச் சேர்ந்து இந்தத் தீபாவளியோடு ஒரு வருடம். இனிமேல் என்னைத் திட்டுவதற்கு யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எருமைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. பலகை வைத்துத் தடுத்த ஐந்து அறைகளில் ஐந்து குடும்பங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குசினி, ஒரு குழாய். கீழே மாவு மில். மிளகாய் அரைக்கிற நாளில் மாடி முழுக்கத் தும்மல். அப்பா ஒரு லாரி டிப்போவில் லாரி கழுவுகிறவர். அம்மா இரண்டு வீடுகளில் துணி துவைத்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர்: அக்கா, அவளுக்கு ஒரு வயது இளையவளாக நான்.

அந்தக் குசினியில் ஐந்து மண்ணெண்ணெய் அடுப்புகள் இருந்தன. காற்றடிக்கிற பம்ப் அடுப்பு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பம்பின் உள்ளே ஒரு தோல் வில்லை உண்டு. அது காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. ஆம்பிளைகள் அடுப்பை ஓர் உதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்பார்கள். என் அக்கா பத்து வயதிலேயே அதைக் கழற்றி, தோலை எண்ணெயில் ஊறவைத்து, விரலால் விரித்துத் திரும்பப் போட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுப்பு குப்பென்று பிடித்தது. அதற்குப் பிறகு, "பெரியவ இருக்காளா? அடுப்பு மக்கர் பண்ணுது" என்று யாராவது எங்கள் அறை வாசலில் நிற்காத வாரம் இல்லை. அம்மாவுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. "கையெல்லாம் கரி. இவள எவன் கட்டுவான்?" என்பார்.

எங்கள் பள்ளியில் அப்போதுதான் புது ஏற்பாடு ஒன்று வந்தது. பையன்களுக்கு மட்டும் இருந்த பட்டறைப் பாடத்தை விரும்பிய பெண் பிள்ளைகளும் எடுக்கலாம் என்றார்கள். அப்பாவின் கையெழுத்து வேண்டும். அக்கா தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அரமும் சுத்தியலும்? சமையல் பாடம் இருக்குல்ல, அத எடுக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"சமையல நீ சொல்லிக் குடுக்க மாட்டியா? போகட்டும் லா" என்று அப்பா தன் பெயரைத் தமிழில் கிறுக்கிக் கொடுத்தார்.

நான் மறுவருடம் நல்ல பிள்ளையாகச் சமையல் பாடம் எடுத்தேன். எனக்கு அங்கே கேக் சுடச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் ஓவன் என்ற சாமானை நாங்கள் யாரும் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. வெண்ணெய் வாங்கிக் கொடு என்று அம்மாவிடம் கேட்டு முதுகில் ஒன்று வாங்கியதுதான் மிச்சம்.

பட்டறை எங்கள் பள்ளியில் கிடையாது. பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலையில் அக்கா பஸ் ஏறிப் போவாள். மத்தியானம் திரும்பி வரும்போது நகக்கண்ணில் இரும்புத்தூள், சட்டையில் அடையாளம் போடுகிற நீலச் சாயம், உள்ளங்கையில் கொப்புளம். வந்ததும் சோறுகூடக் கேட்கமாட்டாள். ஒரு குச்சியை எடுத்து, அரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், முன்னால் தள்ளும்போது அழுத்தி, பின்னால் இழுக்கும்போது எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குக் காட்டுவாள். எனக்கு ஒரு சனியனும் விளங்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும்.

பட்டறைப் பாடம் எடுத்த சார்தான் பள்ளியில் எங்களுக்கு அறிவியலும் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, வெள்ளைச் சட்டையைக் கைமுட்டி வரை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு சாமான் செய்து காட்ட வேண்டும். இரண்டு இரும்புத் தகடுகள். ஒன்றில் சதுரமாக ஒரு நாக்கு, மற்றதில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். ஒன்றை மற்றதில் செருகி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடுக்கு வழியே வெளிச்சம் வரக் கூடாது. அவ்வளவுதான். கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? அக்கா அதற்கு மூன்று மாதம் உழைத்தாள். வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து சாமான்களைப் பார்ப்பார். நன்றாகச் செய்தவர்களில் ஆறு பெண்களை மட்டும் தொழில்நுட்பப் பள்ளிக்கு எடுத்துக்கொள்வார்கள். படிப்பு, புத்தகம், மதியச் சாப்பாடு, பஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. அந்த இடம் கிடைத்தால் அக்கா படிக்கலாம். கிடைக்காவிட்டால் வேலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் இரண்டு பேரைப் படிக்கவைக்க அப்பாவால் ஆகாது. அப்பா அதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் சிரித்தாள். "எனக்குக் கெடைக்கும்ப்பா" என்றாள். கிடைத்திருக்கும். அது எனக்கு இன்றைக்கும் நிச்சயம். அவள் வேலை அப்படி.

கடைசிச் சீர் செய்ய வாரம் ஒரு காலை போதவில்லை என்று சாரிடம் கேட்டு, சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். டிப்போவில் தேய்ந்து தூக்கிப்போட்ட ஓர் அரத்தை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். பிடித்துக்கொள்ள இடுக்கி கிடையாது. அப்பாவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவில் தகட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அக்கா ராவுவாள். "அசையாதீங்கப்பா." "அசையல லா, நீ காலை அறுத்துடாத." இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சத்தம், இரும்பில் அரம் போகிற கிரீச் சத்தம், பல் கூசும். பக்கத்து அறைக்காரி திட்டுவாள். இன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஒரு வியாழக்கிழமை சாயந்தரம், அப்படி ராவிக்கொண்டிருந்தபோதே அக்கா எழுந்து குளியலறைப் பக்கம் போனாள். கையில் தகடுகள். திரும்பி வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா கையில் இருந்த சுளகைக் கீழே போட்டார். "ஐயோ, ஆம்பள எந்திரிச்சு வெளிய போங்க!" என்று அப்பாவை விரட்டினார். அப்பாவுக்கு விளங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சடங்கு முடிகிற வரை டிப்போவிலேயே படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒரே அறையில் அவர் எங்கே ஒதுங்குவது? பெண் பெரியவளானால் அப்பா முகத்தில் முழிக்கக் கூடாதாம். அவளைப் பெற்றவரே!

அரை மணி நேரத்தில் அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுச் சட்டம் எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. மூலையில் ஒரு புடவையைக் குறுக்கே கட்டி, அதன் பின்னால் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அக்காவை உள்ளே உட்காரவைத்தார்கள். "பதினாறு நாளும் இந்த மூலையத் தாண்டக் கூடாது, கேட்டியா?"

பிறகு அத்தை கேட்டார்: "பக்கத்துல இரும்பு வச்சியா?"

உங்களுக்குத் தெரியும். கத்தியோ சாவியோ அரிவாளோ, ஏதோ ஓர் இரும்பு, காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க. அம்மா குசினிக்கு ஓடப் போனவர் நின்றார். அக்கா கையைப் பார்த்தார். "அவ கையிலயே இருக்கே, அண்ணி" என்றார்.

அத்தை எட்டிப் பார்த்தார். நல்ல கனமான, பளபளவென்று இரண்டு தகடுகள். "அட, அவளே செஞ்சதா? அப்ப அதுதான் நல்ல காவலு. பதினாறு நாளும் அவள விட்டு வெலகக் கூடாது. நடுவுல மாத்தவும் கூடாது."

அம்மாவின் முகத்தில் அன்றைக்கு ஒரு பூரிப்பு இருந்தது. சத்தியமாக இருந்தது. மகள் செய்த இரும்பை அம்மா முதல்முறையாக ஓர் உபயோகமுள்ள பொருளாகப் பார்த்தார். அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், மலாயாவில் ரப்பர் தோட்டத்தில். பெரியவளான பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். பக்கத்தில் வைத்த அரிவாளை யாரோ புல் அறுக்க எடுத்துப் போனதுதான் காரணம் என்று அம்மா வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அது மலேரியா. தோட்டத்தில் அந்த வருடம் எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். ஆனால் அரிவாளை எடுத்துப் போனது யார் என்றுதான் அவர்கள் கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார்கள். தன் மகளுக்குப் பத்தாம் நாள் தாண்டுகிற வரை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பரிசோதகர் வருகிற சனிக்கிழமை அந்தப் பத்தாம் நாள்.

பள்ளியில் என்ன சொல்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "காய்ச்சல்னு சொல்லு" என்றார். "வாத்தியாரு ஆம்பள. அதுலயும் தமிழ் ஆளு. அவர்கிட்டப் போயி இதச் சொல்லுவியா? மானம் போயிடும்."

இந்தக் கூத்தைக் கேளுங்கள். அதே வாரத்தில் எங்கள் வீட்டில் சடங்குப் பத்திரிகை அச்சடித்தாயிற்று. மஞ்சள் தாளில் அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில். கேலாங்கில் இருந்த தாய்மாமன் முதல் கீழ்வீட்டு மாவு மில் முதலாளி வரை எல்லாருக்கும் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்குச் சொல்லியாயிற்று. ஊருக்கெல்லாம் தெரியலாம், மீன் விற்கிறவனுக்கும் பால்காரனுக்கும் தெரியலாம். வாத்தியாருக்கு மட்டும் தெரியக் கூடாது!

செவ்வாய்க்கிழமை சார் என்னை வராந்தாவில் நிறுத்தினார். அக்கா சனிக்கிழமை பட்டறைக்கு வரவில்லையே, என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். காய்ச்சல் என்றேன். டாக்டர் கடிதம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் புடவைக்குப் பின்னாலிருந்து அக்கா கூப்பிடுவாள். "சின்னவளே, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டா." தலைக்கு என்று அம்மா நினைத்துக்கொள்வார். நான் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி, தொடாமல், தரையில் தள்ளிவிடுவேன். அக்கா அதைத் தகட்டில் பூசுவாள். தினம் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போதும் இரும்பு கையில் இருக்க வேண்டும் என்று அத்தையின் கட்டளை. ராவிப் பளபளப்பாக்கிய இரும்பு தண்ணீர் பட்டால் ஒரே நாளில் துரு ஏறும். அக்காவுக்குத் தெரியும். புடவை நுனியால் துடைப்பாள், எண்ணெய் போடுவாள், திரும்பத் துடைப்பாள். ஆறாம் நாள், "ஓரத்துல புள்ளி விழுந்திடுச்சு" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை, அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அக்கா சொன்னாள்: "சார்கிட்ட உண்மையச் சொல்லிடு. அவரு நம்ம ஆளுதானே, அவங்க வீட்லயும் இதெல்லாம் செய்வாங்க. புரிஞ்சுக்குவாரு. எனக்கு ரெண்டு வாரம் தள்ளிக் குடுக்கச் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

"என் மேல சத்தியம்?"

"சத்தியம்."

வெள்ளிக்கிழமை சார் எங்கள் வகுப்புக்கே வந்தார். என்னை வெளியே கூப்பிட்டார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத தமிழில், மெல்லக் கேட்டார்.

"வீட்டில ஏதும் விசேஷமோ, பிள்ளை?"

எனக்குக் காது சுட்டது.

"அப்பிடி எண்டால் சொல்லும். வெக்கப்பட ஒண்டும் இல்லை. நான் பெரியவரிட்டச் சொல்லி இரண்டு கிழமை பிந்திப் பாக்கச் செய்வன். காய்ச்சல் எண்டு நான் எழுதேலாது. டொக்டரின்ரை கடுதாசி கேப்பினம்."

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தலையாட்டு போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்ல சார். காய்ச்சல்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "சரி. ஆள் வராட்டிலும் பரவாயில்லை. நாளைக்குக் காலமை அந்தச் சாமானையாவது நீர் கொண்டந்து தாரும்" என்றார்.

அன்றைக்குப் பள்ளி விட்டதும் நான் ஓடினேன். ஓடியே வீட்டுக்குப் போனேன், அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று. டிப்போ போகிற வழியில்தான் இருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வந்து அத்தையோடு மல்லுக்கு நின்றிருப்பார். அது அப்போது தோன்றவில்லை. இப்போது தினம் தோன்றுகிறது.

"அம்மா, அக்கா தகடு வேணுமாம். நாளைக்குக் குடுக்கலேன்னா எடம் போயிடும்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "நாளைக்கா? நாளைக்குப் பத்தாம் நாளுடி."

"கத்திய வைங்கம்மா. குசினியில எவ்ளோ கத்தி இருக்கு."

"மாத்தக் கூடாதுன்னு அத்தை சொன்னது காதுல விழல? என் தங்கச்சிய நான் இப்படித்தான் குடுத்தேன். எடம் போனாப் போகுது. எனக்கு என் புள்ள வேணும்." அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே குசினிக்குப் போனார்.

அப்போது புடவைக்கு அடியில் சரசரவென்று சத்தம். அக்கா இரண்டு தகடுகளையும் வெளியே தள்ளினாள். எண்ணெய் மினுமினுப்போடு என் காலருகே வந்து நின்றன. "எடுத்துப் பையில போடு. சீக்கிரம்" என்றாள் குசுகுசுவென்று. "எனக்கு ஒண்ணும் ஆகாது. எடுடி."

நான் குனிந்தேன். கையை நீட்டினேன். என் கை தகட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்குத் தீட்டைப் பற்றிய பயம் இல்லை. அம்மாவின் தங்கையை நினைத்துக்கொண்டேன். நான் இதை எடுத்துப் போய், நாளைக்கு அக்கா செத்துப்போனால்? அரிவாளை எடுத்தது யார் என்று கேட்டதுபோல என்னைக் கேட்பார்களே? பதின்மூன்று வயதில் பள்ளியில் அறிவியல் படித்தவள்தான் நான். அக்கா செத்துவிடுவாள் என்றே நம்பினேன்.

எடுக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

அக்காவின் கை புடவைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தடவி, தகடுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. "சரி விடு" என்றாள். அப்புறம், "சார்கிட்ட உண்மையச் சொன்னியா?"

இங்கேதான் நான் செத்திருக்க வேண்டும்.

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சரி, போ அப்படின்னாரு."

பத்தாம் நாள் வந்தது, போனது. அக்காவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். பதினாறாம் நாள் சடங்கு ஜே ஜே என்று நடந்தது. ஒலிபெருக்கி அலறியது, மாமன் பட்டுப்புடவை கொண்டுவந்தார், எல்லாரும் அக்காவுக்கு மஞ்சள் பூசி, ராணி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். அதற்குள் பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. தகடுகளை ஒன்றில் ஒன்று செருகி அக்கா சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். துரு தின்ற இடமெல்லாம் வெளிச்சம் வந்தது. கீழே இறங்கிப்போய், பழைய இரும்புக்காரனின் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

ஆறு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? அப்பாவுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது அதற்கப்புறம்தான். அவர் அம்மாவைத் திட்டவில்லை. அந்தத் தேய்ந்த அரத்தை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார். சனவரியில் அக்கா பள்ளிக்குத் திரும்பவில்லை. ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். நான் பள்ளிக்குப் போனேன். ஒரு நாள் சார் என்னைப் பார்த்து, "அக்கா சுகமோ?" என்றார். "நல்லா இருக்காங்க சார்" என்றேன். அடுத்த தவணையில் அவர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்.

வேலைக்குச் சேர்க்கிற வயது ஆனதும் அக்கா மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க, வருடக்கணக்காக, அதே கம்பி, அதே இடம். அந்தச் சாமான் எதற்குள் போகிறது, என்ன வேலை செய்கிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாளாம். "உனக்கு எதுக்கு லா அது?" என்றானாம். வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சம்பளத்தில்தான் நான் உயர்நிலை முடித்தேன், மேலே படித்தேன், அரசாங்க ஆபீசில் குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்தேன். நாற்பது வயதுக்குள் அவளுக்குக் கண் கெட்டுப்போனது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மனதுக்குள் புழுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரே மகள். ஆங் மோ கியோவில் வீடு. அந்தப் பெண் அக்கா மாதிரியே. வானொலியைக் கழற்றுவாள், மின்விசிறியைக் கழற்றுவாள். பள்ளியில் ஏதோ ஓர் இயந்திரம் செய்து, அறிவியல் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த வாரம் பெரியவளானாள். அக்கா எனக்கு ஃபோன் செய்து, தட்டு வரிசை கொண்டுவரச் சொன்னாள். பதினாறு நாள். புடவை கட்டின மூலை. எல்லாம்.

நான் அடித்துப்பிடித்துப் போனேன். "என்னக்கா இது? நீயா இப்படிச் செய்ற?"

அக்கா வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நானும் ரொம்ப நாளு ஆத்திரப்பட்டேன்டி, அம்மா மேல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அந்த சாரு எவ்ளோ படிச்சவரு. விஷயம் தெரிஞ்சும் சரி போன்னு சொன்னாருல்ல? படிச்ச மனுசனுக்கே அது சரின்னு பட்டிருக்கு. அப்ப அம்மா செஞ்சதுல தப்பு இல்ல. நம்ம பொண்ணுங்களுக்கு இதுதான் மொறை போல."

சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் சரி போ என்று சொல்லவே இல்லை அக்கா. குனிந்து நின்று கேட்டார். இரண்டு வாரம் தருகிறேன் என்றார். நான்தான் சொல்லவில்லை. இவ்வளவுதான் வார்த்தை. என் படிப்பு, என் ஆபீஸ், என் வீடு, எல்லாம் அவள் கண்ணைக் கொடுத்து வாங்கித் தந்தது. அவள் என்னைப் பார்க்கப்போகிற அந்த ஒரு பார்வைக்குப் பயந்து விழுங்கிவிட்டேன்.

புடவைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"சின்னம்மா, திங்கக்கிழமை காம்பெடிஷன். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்களாச்சும் சொல்லுங்களேன், பிளீஸ்."

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"எல்லாரும் செய்றதுதானேம்மா, பதினாறு நாளுதான்" என்றேன்.